படகு வாங்குகிறவர் குனிந்து பார்க்க வேண்டும்

கப்பல் ஏன் மிதக்கிறது என்பதை ஆர்க்கிமிடீஸ் சொல்லிவிட்டுப் போனார். மிதக்கிற கப்பல் எப்போது கவிழும் என்பதற்கு, கப்பல் கட்டுகிறவர் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கணக்குக் கிடைக்க அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கணக்கைத் தந்த நூல் 1746இல் பாரிஸில் வெளியானது. எழுதியவர் பியேர் புகேர். பூமியின் வடிவத்தை அளப்பதற்காக 1735இல் தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் குழுவில் அவரும் ஒருவர். குளிரிலும் மழையிலும் மலைமலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான், கடல் கண்ணுக்கே எட்டாத அந்தீஸ் மலைகளில் இருந்தபடி, கப்பலைப் பற்றிய தன் நூலின் பெரும் பகுதியை அவர் எழுதினார். பதுளை மலையில், ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்குப் படகுப் பேச்சு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுகிற ஆள் இவர்தான்.

நமக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பெய்கிற மழை கல்லோயாவாக ஓடி இங்கினியாகலையில் தேங்குகிறது. 1949இல் தொடங்கிக் கட்டிய அந்த அணைக்குப் பின்னால் கிடப்பதுதான் சேனநாயக்க சமுத்திரம், இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகில் இருந்து பார்க்க அங்கே வெளிநாட்டார் வருகிறார்கள். இன்னொரு பக்கம், பசறை வழியாக மொணராகலைக்கு இறங்கி, சியம்பலாண்டுவையைத் தாண்டினால் பொத்துவில், அறுகம்பை. தோட்டத்தில் பெயர் பதியாமல் விடுதி வேலைக்கு இறங்குகிற பிள்ளைகள் சில பருவம் கழிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பாவித்த மீன்பிடிப் படகு ஒன்றை மலிவாக வாங்கி, மேலே ஒரு தட்டும் கூரையும் போட்டு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றினால் என்ன?

வாங்கலாம். ஆனால் வாங்கப் போகிறவர்கள் படகைப் பார்க்கிற வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கெபினைப் பார்க்கிறார்கள், அடுத்து எஞ்சினில் யன்மார் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தண்ணீருக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. பணம் போவதும் உயிர் போவதும் அங்கே இருந்துதான்.

மரத்தில் படகு கட்டிய காலத்தில் நம்மவர்களிடம் படகு வாங்க அமெரிக்காவில் இருந்தே ஆள் வந்திருக்கிறார். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற கடலோடி, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற 89 அடிப் பாய்க்கப்பலை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்த மரக்காலத்தை இலங்கையில் முடித்து வைத்ததிலும் வடக்குக்குப் பங்குண்டு. 1956இல் நோர்வேக்குப் போன குருநகர்க்காரர் அந்தோனி இராசேந்திரமும் நோர்வே நண்பர் ஆர்னே ஃபியோர்டொஃப்டும் முன்னின்று, 1967இல் காரைநகரில் சீநோர் திட்டத்தைத் தொடங்கினார்கள். பைபர் படகு கட்டும் தொழில் அங்கே வேர்விட்டது. இன்று வாழைச்சேனையிலோ திருகோணமலையிலோ விற்பனைக்கு நிற்கிற கலங்களில் பெரும்பாலானவை கண்ணாடி இழையும் பொலியெஸ்டர் பசையும் சேர்ந்தவைதான்.

பைபர் உளுக்காது, கறையான் தின்னாது, துருப்பிடிக்காது. ஆகவே கெடாது என்று ஒரு நம்பிக்கை. அது சரியில்லை. பைபர் உடலின் வெளிப்பக்கம் பளபளப்பான ஒரு மேற்பூச்சு. அதை ஜெல்கோட் என்பார்கள். அதற்குள் கண்ணாடி இழைப்பாய்கள் அடுக்கடுக்காகப் பசையில் தோய்ந்து இறுகியிருக்கின்றன. ஜெல்கோட் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் நீர் மூலக்கூறுகளுக்கு அது வழிவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சிறிது சிறிதாக நீர் உள்ளே போகிறது. உள்ளே பசை முழுதாக இறுகாத இடங்களில் கிளைக்கோல், அமிலம் போன்ற கரையக்கூடிய பொருட்கள் மிச்சமிருக்கின்றன. நீர் அவற்றைக் கரைத்து அடர்த்தியான கரைசலாகிறது. இனி நடப்பது பள்ளிக்கூடத்தில் பிரசாரணம் என்று படித்ததுதான்: மென்படலத்தின் ஒரு பக்கம் அடர்கரைசல், மறுபக்கம் நீர்த்த கரைசல் என்றால், நீர் அடர்ந்த பக்கத்துக்கே ஏறும். உள்ளே போன நீருக்கு வெளியேற இடமில்லை. அழுத்தம் கூடி ஜெல்கோட்டைத் தள்ளுகிறது. படகின் அடியில் கொப்புளம் எழும்புகிறது. ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள், ஆனால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அழுத்தத்தில் இருந்த திரவம் பீச்சி அடிக்கும். மூக்குக்கு வினாகிரி வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதில் நமக்கு, அதாவது கடலை விட்டு உள்நாட்டு நீர்த்தேக்கத்துக்குப் படகைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு, முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வெளியே இருக்கிற அந்த உப்பு, உள்ளே ஏற நினைக்கிற நீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. நன்னீரில் அந்தப் பிடி இல்லை. சூடும் சேர்ந்தால் ஊடுருவல் இன்னும் வேகமாகும். ஆகவே கொப்புளத்துக்கு மிகவும் உகந்த இடம் வெப்பநாட்டு நன்னீர்தான், சேனநாயக்க சமுத்திரம் மாதிரி. கடலில் பத்து வருடம் ஒழுங்காகக் கிடந்த படகு ஏரிக்கு வந்ததும் அடியில் கொப்புளம் போட்டால் விற்றவர் ஏமாற்றினார் என்று ஆகாது. வாங்கியவர் அடிப்பக்கத்துக்கு எபொக்சிப் பூச்சுப் போடாமல் இறக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கொப்புளத்தைக் கண்டதும் ஓடவும் வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சுரண்டி, கழுவி, உலர்த்தி, எபொக்சியால் அடைக்கலாம். அடிப்பக்கம் முழுக்க இருந்தால் ஜெல்கோட்டையே உரித்தெடுத்து, வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காயவிட்டுத்தான் திரும்பப் பூச முடியும். அந்தச் செலவைக் கழித்து விலை பேசலாம். பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு: இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருப்பது. அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து, அணியத்தில் இருந்து பின்பக்கம் வரை கைச்சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். பிரிந்த இடம், நீர் குடித்த இடம், மொத்தென்று சொல்லும். சத்தம் மாறுகிற இடங்களில் சோக்கால் வட்டம் போடுங்கள். முடிவில் வட்டங்கள் சேர்ந்து ஒரு வரைபடமாகிவிடும். விற்பவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஈரமானி என்று ஒரு கருவி உண்டு. மின்புலத்தைச் செலுத்தி, உடலில் எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். அனுபவமுள்ள மரைன் சேர்வேயர் கையில் அது நல்ல கருவி. மற்றவர் கையில் வெறும் எண். உள்ளே ஒரு இரும்புத் துண்டு இருந்தாலும் முள் ஏறும், மேலே உப்பு படிந்திருந்தாலும் ஏறும், நேற்றுத்தான் தண்ணீரில் இருந்து இழுத்த படகென்றாலும் ஏறும். கிழக்குக் கரையில் மழைக் காலத்தில் கலங்கள் கரையேறிக் கிடக்கும்போது பார்ப்பது வசதிதான்; ஆனால் அந்த மழையிலேயே ஈரமானியை வைத்து எடுத்த கணக்கை நம்பாதீர்கள்.

தட்டும்போது மூன்று இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். எஞ்சின் உட்காருகிற நெடுஞ்சட்டங்கள் முதலாவது. பல கலங்களில் இவை மரத்துக்குமேல் பைபர் போர்த்தியவை. போல்ட்டு ஓட்டை வழியாக நீரும் எண்ணெயும் புகுந்தால் உள்ளே மரம் மக்கி, வெளியே பைபர் உறை மட்டும் நிற்கும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டுகிற பின்சுவர் இரண்டாவது. அதற்குள்ளும் பலகை இருக்கும். இயந்திரத்தின் காலைப் பிடித்து ஆள்பாரம் கொடுத்து அழுத்தினால் பின்சுவர் அசையக் கூடாது. மூன்றாவது, ஏணி, கைப்பிடி, தூண் என்று மேற்தளத்தில் ஆணி இறங்கிய ஒவ்வொரு இடமும். 1970களில் தாய்வானில் கட்டி அமெரிக்காவுக்கு ஏற்றிய உல்லாச ட்ரோலர்களுக்கு இதில் ஒரு கெட்ட பெயரே உண்டு. அழகுக்காகத் தேக்குப் பலகையை ஆயிரக்கணக்கான திருகாணிகளால் தளத்தில் அறைந்தார்கள். ஒவ்வொரு திருகாணியும் தண்ணீர் இறங்க ஒரு வழியானது. இன்று அவற்றை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே தேக்கை உரித்தாகிவிட்டதா என்றுதான்.

உலோகங்களுக்கு வருவோம். வெவ்வேறு உலோகங்கள் ஒரே உப்புநீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு மின்கலம். புரொப்பெல்லர் வெண்கலம், அதைச் சுழற்றும் தண்டு துருவேறா எஃகு, பக்கத்தில் வேறொரு உலோகம். இவற்றில் எது இளைத்ததோ அது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். ஆகவே வேண்டுமென்றே எல்லாவற்றையும்விட இளைத்த நாகத்தை ஒரு கட்டியாகப் பூட்டி, கரைவதென்றால் நீ கரை என்று விட்டுவிடுகிறார்கள். இந்த யோசனை ஹம்ப்ரி டேவியுடையது, 1824இல். பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடுகள் கரைந்துகொண்டிருந்தன. டேவி சிறு இரும்பு, நாகத் துண்டுகளைத் தகட்டோடு இணைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சூட்டியதால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன! கரைவது நின்றதும் அவை அப்பிக்கொண்டு கப்பல்கள் மெதுவாகிவிட்டன. கடற்படை அதைக் கைவிட்டது. நல்ல விஞ்ஞானம் சரியாகப் பலித்து, அதனாலேயே தோற்ற சம்பவங்கள் வரலாற்றில் அதிகமில்லை.

படகு வாங்குகிறவருக்கு நாகக்கட்டி ஒரு சாட்சி. பாதி கரைந்திருந்தால் வேலை செய்கிறது, மாற்ற நேரம் வந்துவிட்டது. அடையாளமே தெரியாமல் கரைந்திருந்தால் அடுத்து எது கரைந்தது என்று தேடுங்கள். ஒரு வருடமாகப் பூட்டியிருக்கிறது, புத்தம் புதிதாகவே இருக்கிறது என்று விற்பவர் பெருமையாகக் காட்டினால்தான் பெரிய சந்தேகம்: அது மற்ற உலோகங்களோடு மின்தொடர்பில் இல்லை, அல்லது அதன்மேல் யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள். பித்தளைப் பொருத்துகளையும் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதில் இருந்த நாகம் போய்விட்டது. வெறும் செம்புச் சல்லடைதான் மிச்சம், ஒரு உதையில் பொடியும். அந்த ஒரு குழாய்ப் பொருத்து உடைந்தால் படகு நங்கூரத்திலேயே மூழ்கும். ஏரிக்குப் போகிறவர்களுக்கு இங்கேயும் ஒரு மாற்றம் உண்டு. நன்னீரில் நாகத்தின்மேல் ஒரு படலம் மூடி அது செயலற்றுப் போகும். அங்கே மக்னீசியக் கட்டி வேண்டும்.

எஞ்சினைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கைவைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பற்றி, புகை சீக்கிரம் தெளிய வேண்டும். நிற்காத கரும்புகை எஞ்சினுக்குச் சுமை கூட அல்லது காற்றுக் குறைவு என்கிறது. நீலப்புகை எண்ணெய் எரிகிறது என்கிறது. வெண்புகை எரியாத டீசலாகவோ உள்ளே புகுந்த நீராகவோ இருக்கலாம். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கும்போது பால்தேநீர் நிறம் தெரிந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு கடலில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்: தயாரிப்பாளர் குறித்த உச்சச் சுழற்சியை எஞ்சின் எட்டுகிறதா, அதே வேகத்தில் கால்மணி நேரம் சூடு ஏறாமல் நிற்கிறதா. 2022இல் எரிபொருள் இல்லாமலும், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியதாலும் ஏராளமான படகுகள் கரையிலேயே கிடந்தன. குறைவாக ஓடிய எஞ்சின் என்று அவற்றைப் புகழ்ந்து விற்பார்கள். உப்புநீர் உள்ளே தேங்கியபடி மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினைவிட, தினமும் ஓடிய எஞ்சின் எவ்வளவோ மேல்.

வேகத்தைப் பற்றி ஒரு ஆசை எல்லோருக்கும் வரும்: பெரிய எஞ்சின் போட்டால் இதே படகு இரண்டு மடங்கு ஓடாதா? நாட்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கிற பலநாட்கலம் போன்ற கனத்த, வயிறு அகன்ற கலம் ஓடாது. ஓடும்போது படகு முன்னால் ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளம் வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. எட்டு நொட் வேகத்தில் அலையின் நீளம் ஏறக்குறைய 36 அடி. படகின் நீர்மட்ட நீளமும் 36 அடி என்றால், முன்பக்கம் ஒரு அலைமுகட்டில், பின்பக்கம் அடுத்த முகட்டில். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்குகிறது. படகு தான் எழுப்பிய அலையின்மேல் தானே ஏற முயல்கிறது. எத்தனை குதிரைவலு சேர்த்தாலும் அதில் பெரும்பகுதி அலை எழுப்பவே போகும். நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் இந்த எல்லை நொட்டில் வரும். 1870களில் இங்கிலாந்தின் டோர்க்கீயில் நீர்த்தொட்டி கட்டி, சின்ன மாதிரிகளை இழுத்துப் பார்த்து, இந்த அலைத்தடையைப் பிரித்தறியச் சொல்லித்தந்தவர் வில்லியம் ஃபிரூட். அவருக்குப் பிறகும் 36 அடிக் கலத்துக்கு 300 குதிரைவலு பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் லீற்றர் ஒன்று ஏறக்குறைய ஐந்து குதிரைவலுவை ஒரு மணி நேரம் தரும். கணக்கை நீங்களே போடலாம். எட்டு நொட்டில் போகிற கலத்தை ஆறு நொட்டுக்கு இறக்கினால் மணிக்கான டீசல் பாதிக்கும் கீழே இறங்கும். யானை பார்க்கப் போகிறவர்களுக்கு ஆறு நொட்டே அதிகம்.

இனி புகேரிடம் திரும்ப வேண்டும், ஏனென்றால் சுற்றுலாப் படகு என்றதும் எல்லோரும் செய்கிற காரியம் மேலே ஒரு தட்டுக் கட்டுவது.

படகின் முழு எடையும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கி இழுக்கிறது. அது ஈர்ப்பு மையம். தண்ணீர் அதை மேல்நோக்கித் தள்ளுவது மூழ்கியிருக்கிற பகுதியின் நடுவில். அது மிதப்பு மையம். படகு சாயும்போது மூழ்கிய பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால் அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். புகேர் அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர் வைத்தார். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போனால் கவிழும். இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம்தான் படகின் கையிருப்பு. நிறைந்த கொழுந்துக் கூடையை முதுகில் தாழ்த்திக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறவர் தடுக்கினாலும் சமாளிப்பார். அதே கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கையிருப்பைக் கைக்கடிகாரத்தாலேயே ஓரளவு அளக்கலாம். அமைதியான நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, இரண்டு மூன்று பேர் ஒரே ஓரத்தில் நின்று தாளத்தோடு அழுத்தி அழுத்தி விட்டால் படகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அழுத்துவதை நிறுத்திவிட்டுப் பத்து முழு ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று எண்ணி, பத்தால் வகுங்கள். படகின் அகலத்தை மீற்றரில் எடுத்து 0.8ஆல் பெருக்கி, ஆட்ட நேரத்தால் வகுத்து, வர்க்கித்தால் அந்த உயரம் அண்ணளவாகக் கிடைக்கும். 4 மீற்றர் அகலப் படகு 4 வினாடிக்கு ஒரு ஆட்டம் ஆடினால் 64 சென்ரிமீற்றர், நல்லது. 6 வினாடி எடுத்தால் 28 சென்ரிமீற்றர்தான். நீளம் 24 மீற்றருக்கு மேற்பட்ட மீன்பிடிக் கப்பல்களுக்குச் சர்வதேச விதி கேட்பதே குறைந்தது 35. வாங்க வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெடுக்கென்று நிமிர்கிற படகு முரடாகத் தெரிகிறது. மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி சாய்ந்து நின்று திரும்புகிற படகு சுகமாகத் தெரிகிறது. சுகமாகத் தெரிகிற படகுதான் கவிழ்வதற்குக் கிட்ட நிற்கிறது.

அந்த நல்ல படகையே எடுத்துக்கொள்வோம்: 4 மீற்றர் அகலம், 8 தொன் எடை, 64 சென்ரிமீற்றர் கையிருப்பு, நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு 70 சென்ரிமீற்றர். தலா 60 கிலோவாக இருபது பேர் ஏறுகிறார்கள், 1.2 தொன். அவர்கள் கீழே, படகின் ஈர்ப்பு மையத்தின் உயரத்திலேயே இருந்து, யானையைக் கண்டு எல்லோரும் ஒன்றரை மீற்றர் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு அண்ணளவாக 17 பாகை சாயும். விளிம்பு தண்ணீரைத் தொட 19 பாகை வேண்டும். நெஞ்சு பதறும், ஆனால் தப்பிவிடுவார்கள். அதே இருபது பேரை இரண்டு மீற்றர் உயரத்தில் மேல்தட்டில் உட்கார வையுங்கள். ஈர்ப்பு மையம் 26 சென்ரிமீற்றர் ஏறுகிறது, கையிருப்பு 38 ஆகக் குறைகிறது. அதே ஒன்றரை மீற்றர் நகர்வுக்கு இப்போது 27 பாகை. விளிம்புக்கு மேலால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மேல்தட்டின் சொந்த எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இது தாளில் மட்டும் நடக்கிற கணக்கு இல்லை. கேரளத்தின் தேக்கடியில், நம்முடையதைப் போன்ற ஒரு மலைநாட்டு நீர்த்தேக்கத்தில், 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி ஜலகன்யகா என்ற இரண்டு தட்டு பைபர் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது அது சரிந்தது. படகு புதியது, ஏரி அமைதியானது. 2023 மே 7ஆம் திகதி அதே கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது என்று செய்திகள் கூறின. நம் நாட்டிலும் 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப்படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள்.

மீன்பிடிக் கலத்தை மாற்றுவதில் மறைந்திருக்கிற இன்னொரு கேடும் உண்டு. பலநாட்கலத்தை வடிவமைப்பவர் அதன் வயிற்றில் தொன்கணக்கில் ஐஸ், டீசல், தண்ணீர், திரும்பும்போது மீன் இருக்கும் என்று எண்ணித்தான் வடிவமைக்கிறார். அந்தக் கீழ்ப்பாரம்தான் அதை நிமிர்த்தி வைக்கிறது. சுற்றுலாவுக்காக மீனறையைக் காலி செய்தவர் கீழே இருந்த பாரத்தை எடுத்துவிட்டு மேலே மனிதரை ஏற்றுகிறார். ஒரே வேலையில் இரண்டு பிழை. அரைத் தொட்டி டீசலும், அடியில் தேங்கிய ஊற்றுத் தண்ணீரும் படகு சாய்கிற பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். ஆகவே தொட்டிகளுக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் தட்டை மறந்துவிட்டு, மெல்லிய துணிக்கூரை போட்டு, இருக்கைகளைத் தாழ்த்தி, வயிற்றில் நிலையான பாரம் வைத்து, ஆட்ட நேரத்தைத் திரும்ப எண்ண வேண்டும்.

தாள்களைப் பற்றிக் கொஞ்சம். அணியத்தில் எழுதியிருக்கிற பதிவு எண் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்துப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் இலக்கமும் அப்படியே. வங்கிக் கடன் தீர்ந்ததா, வழக்கில் பிடிபட்ட கலமா என்று கேட்டறியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்கு விதித்த தடை அடுத்த ஆண்டு நீங்கியது. அதையொட்டிப் பலநாட்கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது, அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். 2017இல் இழுவைமடித் தொழில் சட்டப்படி தடையானதால், மடியும் இழுவைச் சாமானும் சேர்த்து விலை சொல்கிறவருக்கு அந்தச் சாமானுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. மீன்பிடிக் கலம் என்று பதிவான படகு, பயணிகள் படகாகத் தானாக மாறிவிடாது என்பதையும் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமும் பாருங்கள்: ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்த கதை எல்லோருக்கும் தெரியும், அறுகம்பையிலோ கரைமணலில்தான் இழுத்துப் போடுவார்கள். ஏரா என்கிற அடிக்கட்டை ஆழமாக இறங்கிய கலம் இந்தக் கரைக்கு ஒத்துவராது.

மலையில் இருந்து படகு வாங்க இறங்குகிற தம்பிமாருக்குச் சொல்ல இருப்பது இதுதான். முற்பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு சுத்தியல், ஒரு சோக்குக் கட்டி, வினாடி காட்டுகிற கடிகாரம் ஆகியவற்றோடு, முடிந்தால் ஒரு சேர்வேயரோடும் போங்கள். படகைக் கரையில் தூக்கி அடியைக் காட்டச் சொல்லுங்கள்; தூக்குக்கூலியை நீங்களே கொடுங்கள். காட்ட முடியாது என்று விற்பவர் சொன்னால், எவ்வளவு விலை குறைத்தாலும் அடுத்த பஸ்ஸில் பதுளைக்கு ஏறிவிடுங்கள்.